பதிலுக்காகக் காத்திருக்கும் கணனி: பின்னணிச் சேவைகள் ஸ்தம்பிப்பது ஏன்?

அலுவலகங்களின் பகல்நேரப் பணி மாலையில் முடிவடைந்துவிடுகின்றது. ஆனால் அங்குள்ள கணனிகளின் பணி அத்துடன் முடிவடைவதில்லை. சம்பளப் பட்டியல் தயாரித்தல், வங்கிக்கு அனுப்பவேண்டிய கோப்புகளை உருவாக்குதல், அன்றைய தரவுகளைப் பிரதிசெய்து பாதுகாத்தல், மறுநாளைக்கான அறிக்கைகளை அச்சுக்குத் தயாராக்குதல் எனப் பல வேலைகள் இரவில், எவரும் அருகில் இல்லாத வேளையில் தாமாகவே நடைபெறுகின்றன. இவ்வாறு திரைமறைவில் இயங்கும் மென்பொருட்களையே பின்னணிச் சேவைகள் என்கின்றனர். அவை ஒழுங்காக இயங்கும் வரை அவற்றைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை.

சில நாட்களில் காலையில் வந்து பார்க்கும்போது அறிக்கை இருக்காது. வங்கிக்குச் சென்றிருக்கவேண்டிய கோப்பும் இருக்காது. பிழைச் செய்தி ஏதாவது உண்டா என்று தேடினால் அதுவும் இல்லை. இயங்கும் மென்பொருட்களின் பட்டியலைக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்தால், இரவு ஆரம்பிக்கப்பட்ட மென்பொருள் இன்னமும் உயிருடன் இருப்பதாகவே காட்டும். அது கணனியின் ஆற்றலில் ஒரு துளியையேனும் பயன்படுத்துவதில்லை, வேலையை முடிப்பதுமில்லை. ‘ஸ்டக் ஆகிவிட்டது’ என்று கூறி எவரோ ஒருவர் அதனை நிறுத்தி, கணனியை மீள இயக்குவார். அதே மென்பொருளை அவர் தமது கையால் இயக்கிப் பார்த்தால் எவ்விதத் தடையுமின்றி இரண்டு நிமிடங்களில் வேலையை முடித்துவிடும். ஆனால் அன்றிரவு மீண்டும் அதே கதை.

இது தொழில்நுட்பவியலாளர்களுக்கு மாத்திரம் உரிய சிக்கல் என்று ஒதுக்கிவிட முடியாது. தீபாவளிக்கோ நோன்புப் பெருநாளுக்கோ முன்னதாக வழங்கப்படவேண்டிய பண்டிகை முற்பணம் ஒருநாள் பிந்தினால் அதன் தாக்கம் குடும்பங்களின் அடுப்படி வரை செல்கின்றது. அவ்வாறு பிந்தும்போது பழி வந்து விழுவது பெரும்பாலும் கணனிக்கு முன்னால் அமர்ந்திருக்கும் இலிகிதர் மீதேயாகும். ‘கையால் இயக்கினால் வேலை செய்கின்றதே, அப்படியானால் நீங்கள்தான் ஏதோ செய்துவிட்டீர்கள்’ என்ற குற்றச்சாட்டுக்கு அவரிடம் பதில் இருப்பதில்லை. ஆனால் பதில் உண்டு. அதனைச் சாதாரண வாசகரும் விளங்கிக்கொள்ளக்கூடிய விதத்தில் எடுத்துரைப்பதே நமது நோக்கமாகும்.

இவ்வாறு நின்றுபோகும் மென்பொருள் பெரும்பாலான சந்தர்ப்பங்களில் செத்துப்போனதல்ல, அது காத்திருக்கின்றது. ஆளில்லாத வீட்டின் கதவைத் தட்டிவிட்டுப் பதில் வரும் வரை வாசலிலேயே நிற்கும் ஒருவரைப் போன்றது அதன் நிலை. எதற்காகக் காத்திருக்கின்றது என்பதைக் கண்டறிந்தால் சிக்கலின் பெரும்பகுதி தீர்ந்துவிடும். மீள இயக்குவதால் அந்தக் கேள்வி மறைகின்றதேயன்றித் தீர்வதில்லை.

பூச்சிய அமர்வு என்னும் பூட்டிய அறை

விண்டோஸ் கணனியொன்றில் ஒருவர் தமது பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்து உள்நுழையும்போது அவருக்கென ஓர் அமர்வு ஆரம்பமாகின்றது. அவர் காணும் திரை, அவர் திறக்கும் சாளரங்கள் யாவும் அந்த அமர்வுக்கு உரியவை. பின்னணிச் சேவைகளோ எவரும் உள்நுழைவதற்கு முன்னரே, கணனி இயங்கத் தொடங்கியவுடன் ஆரம்பித்துவிடுகின்றன. அவை இயங்குவது பூச்சிய அமர்வு என அழைக்கப்படும் தனியான அமர்விலாகும்.

2001 இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பி, அதனையடுத்து வந்த சேர்வர் 2003 ஆகியவற்றில் நிலைமை வேறாக இருந்தது. கணனியின் முன் அமர்ந்து முதலில் உள்நுழையும் பயனரும் பூச்சிய அமர்வையே பகிர்ந்துகொண்டார். இதனால், அதற்கென அனுமதி பெற்ற ஒரு சேவை ஏதேனும் வினாவை எழுப்பினால் அது அவரது திரையில் தோன்றியது. அவரும் ‘சரி’ என்பதை அழுத்திவிட்டுத் தமது வேலையைத் தொடர்ந்தார். வசதியான ஏற்பாடாகத் தோன்றிய போதிலும் இதில் பெரும் ஆபத்து ஒன்று மறைந்திருந்தது. உயர் அதிகாரம் பெற்ற சேவையின் சாளரமும் சாதாரணப் பயனரின் மென்பொருளும் ஒரே திரையில் இருந்தமையால், தீய மென்பொருளொன்று அந்தச் சாளரத்துக்குச் செய்திகளை அனுப்பி அதன் அதிகாரத்தைக் கைப்பற்ற முடிந்தது. ‘ஷட்டர்’ தாக்குதல் என்ற பெயரில் இக்குறைபாடு 2002 ஆம் ஆண்டில் பகிரங்கமாக விளக்கப்பட்டது.

2007 ஜனவரியில் பொதுமக்களுக்கு வெளியிடப்பட்ட விண்டோஸ் விஸ்டாவும் அதனைத் தொடர்ந்து வந்த சேர்வர் 2008 உம் இதற்கு முடிவு கட்டின. அவற்றில் பூச்சிய அமர்வு சேவைகளுக்கு மாத்திரம் ஒதுக்கப்பட்டது. பயனர்கள் அனைவரும் முதலாம் அமர்விலிருந்தே தொடங்கினர். பாதுகாப்புக் கண்ணோட்டத்தில் இது மிகச் சரியான தீர்மானம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதன் விளைவாக, சேவையொன்று ஆரம்பித்துவைக்கும் மென்பொருள் எழுப்பும் வினா எவருடைய கண்ணுக்கும் தெரியாத திரையில் தோன்றத் தொடங்கியது. பூட்டிய அறைக்குள் ஒருவர் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலை எதிர்பார்த்து நிற்பதற்கு இது ஒப்பானது.

இடைக்கால ஏற்பாடாக, அவ்வாறு தோன்றும் சாளரங்களைப் பயனருக்கு அறிவித்துக் காட்டும் சேவையொன்றையும் மைக்ரோசொப்ட் நிறுவனம் வைத்திருந்தது. 2018 இல் வெளியான விண்டோஸ் 10 இன் 1803 பதிப்புடனும், அதன் பின்னர் சேர்வர் 2019 உடனும் அதுவும் நீக்கப்பட்டுவிட்டது. பழைய கணனியில் ஆண்டுக்கணக்காக ஒழுங்காக இயங்கிய ஏற்பாடு, புதிய கணனிக்கு மாற்றப்பட்டதும் நின்றுபோவதற்கு இவ்வரலாறும் ஒரு காரணமாகும்.

கையால் இயக்கும்போது எழாத வினா

‘நான் இயக்கும்போது அது எதனையும் கேட்பதில்லையே’ என்பது நியாயமான கேள்வி. நாம் இயக்கும்போது மென்பொருள் நமது கணக்கின் கீழ் இயங்குகின்றது. சேவை அதனை இயக்கும்போது வேறொரு கணக்கின் கீழ் இயங்குகின்றது. பல இடங்களில் அது ‘லோக்கல் சிஸ்டம்’ என்னும் கணனியின் சொந்தக் கணக்காகும். அந்தக் கணக்கு, மென்பொருளைப் பொறுத்தவரை, அன்றுதான் வேலைக்கு வந்த ஒருவரைப் போன்றது.

மென்பொருட்கள் பலவும் ஒரு கணக்கில் முதன்முறையாக இயங்கும்போது உரிம நிபந்தனைகளை ஏற்கின்றீர்களா, உங்கள் பெயர் என்ன என்பன போன்ற வினாக்களை எழுப்புகின்றன. நாம் அவற்றுக்கு எப்போதோ பதிலளித்து மறந்துவிட்டோம். சேவையின் கணக்கு சார்பில் எவரும் பதிலளித்ததில்லை. நமது கணக்கில் அச்சுப்பொறியொன்று தெரிவுசெய்யப்பட்டிருக்கும்; சேவையின் கணக்கில் அது இல்லாதிருக்கலாம். வலையமைப்பில் உள்ள பொதுக் கோப்புறையை ‘இஸட்’ என்ற எழுத்தின் கீழ் நாம் இணைத்து வைத்திருப்போம். அந்த எழுத்து நமது அமர்வுக்கு மாத்திரமே உரியது; சேவைக்கு அப்படியோர் இடமே தெரியாது.

தமிழில் ஆவணங்கள் தயாரிப்போர் இன்னொன்றையும் கவனத்திற் கொள்ளல் வேண்டும். 2018 இன் பிற்பகுதியில் வெளியான விண்டோஸ் 10 இன் 1809 பதிப்பு முதல், எழுத்துருவொன்றை வழமையான முறையில் நிறுவினால் அது நிறுவியவரின் கணக்குக்கு மாத்திரமே உரியதாகின்றது. அனைவருக்கும் நிறுவுதல் என்ற தெரிவு தனியாக உள்ளது. பத்திரிகைப் பக்கங்களை வடிவமைக்கப் பயன்படும் இன்டிசைன் போன்ற மென்பொருட்கள், ஆவணத்தில் உள்ள எழுத்துரு கணனியில் இல்லையெனில் எச்சரிக்கைப் பெட்டியொன்றைத் திறந்து பதிலுக்குக் காத்திருக்கும். அது எவரும் பார்க்காத திரையில் திறந்துவிட்டால் விடியும் வரை அப்படியே இருக்கும்.

ஆகவே, கோப்பு இல்லை, அச்சுப்பொறி இல்லை, எழுத்துரு இல்லை என்ற சிறு தவறுகள் பிழைச் செய்தியாக வெளிவந்து முடிந்திருக்கவேண்டியவை. உரையாடற் பெட்டியாக உருவெடுப்பதனால் அவை முடிவில்லாக் காத்திருப்பாக மாறிவிடுகின்றன. மென்பொருள் இடையில் செயலிழக்கும்போது விண்டோஸ் காட்டும் ‘இயங்குவது நின்றுவிட்டது’ என்ற அறிவிப்பும் சில வேளைகளில் இதே விளைவை உண்டாக்குகின்றது.

அறிக்கைகளைத் தயாரிப்பதற்காக எக்ஸெல், வேர்ட் ஆகியவற்றைச் சேவையொன்றின் மூலம் இயக்கும் வழக்கம் பல நிறுவனங்களில் உண்டு. அவை திரைக்கு முன்னால் ஒரு மனிதர் அமர்ந்திருப்பார் என்ற எடுகோளின் மீது எழுப்பப்பட்டவை. ஆளில்லாச் சூழலில் அவற்றை இவ்வாறு இயக்குவதைத் தாம் பரிந்துரைக்கவோ ஆதரிக்கவோ போவதில்லை என மைக்ரோசொப்ட் நிறுவனமே தனது ஆவணங்களில் தெளிவாகக் கூறியுள்ளது. எக்ஸெல் கோப்பின் புதிய வடிவம் 2006 இல் பகிரங்கத் தரநிலையாக வெளியிடப்பட்டமையால், எக்ஸெலைத் திறக்காமலேயே அத்தகைய கோப்பை நேரடியாக எழுதும் வழிகள் இன்று ஏராளமாக உள்ளன. புதிதாக ஏற்பாடு செய்வோர் அவற்றை நாடுவதே அறிவுடைமையாகும்.

நிரம்பிய குழாயும் மூடப்படாத வாயும்

திரையே இல்லாத, எழுத்துவடிவில் மாத்திரம் பேசும் மென்பொருட்களும் ஸ்தம்பிப்பதுண்டு. சாளரம் எதுவும் இல்லாததால் இவற்றைக் கண்டறிவது இன்னும் கடினமானது. ஒரு சேவை வேறொரு மென்பொருளை இயக்கும்போது இரண்டுக்கும் இடையே குழாய்கள் போன்ற மூன்று பாதைகள் அமைகின்றன. ஒன்று உள்ளீட்டுக்கு, மற்றொன்று வெளியீட்டுக்கு, மூன்றாவது பிழைச் செய்திகளுக்கு.

முதலாவது பாதையில் நேர்வது மீண்டும் பதிலற்ற வினாவே. வேறொரு கணனிக்குப் பாதுகாப்பாகக் கோப்பு அனுப்பும் மென்பொருட்கள், அந்தக் கணனியை முதன்முறையாகச் சந்திக்கும்போது ‘இதனை நம்பலாமா, ஆம் அல்லது இல்லை’ என்று கேட்கின்றன. ‘பிளிங்க்’ என்ற மென்பொருளைச் சேவையின் மூலம் இயக்கிய பலரும் சந்தித்த சிக்கல் இது. கேள்வி கேட்காதே, பதில் தேவையெனில் தோல்வியுடன் வெளியேறு என்று கட்டளையிடும் தெரிவு அதிலேயே உண்டு. லினக்ஸில் மென்பொருட்களை நிறுவும் கருவிகளும் பழைய அமைப்புக் கோப்பை வைத்திருக்கவா, மாற்றவா என்று இடையில் வினவுவதுண்டு. அவற்றுக்கும் இத்தகைய மௌனத் தெரிவுகள் உள்ளன.

இரண்டாவது, மூன்றாவது பாதைகளில் நேர்வது வேறு விதமானது. மென்பொருள் எழுதும் வெளியீடு ஒரு சிறிய தொட்டியில் தேங்குகின்றது. லினக்ஸில் அதன் கொள்ளளவு வழமையாக 65,536 பைற். விண்டோஸில் பெரும்பாலும் அதைவிடச் சிறியது. மறுமுனையில் உள்ள சேவை அதனை வாசித்து வெறுமையாக்கவேண்டும். ஆனால் சேவையை எழுதியவர், மென்பொருள் முடிவடைந்த பின்னர் வாசிக்கலாம் என்று எழுதிவிடுகின்றார். தொட்டி நிரம்பியதும் மென்பொருள் மேற்கொண்டு எழுத முடியாமல் இடம் கிடைக்கும் வரை நிற்கின்றது. சேவையோ மென்பொருள் முடியும் வரை நிற்கின்றது. ஒருவரையொருவர் எதிர்பார்த்து இருவருமே அசைவதில்லை.

சிறிய வேலைகளில் தொட்டி நிரம்புவதில்லை; ஆதலால் பரிசோதனையின்போது யாவும் ஒழுங்காக நடைபெறும். மாத இறுதியில் தரவு பெருகி, வெளியீடு நீளும் நாளில்தான் அது நின்றுபோகும். சம்பளத் தினத்தன்று மாத்திரம் பழுதாகும் ஏற்பாடுகளின் பின்னணியில் எப்போதும் துரதிர்ஷ்டமே இருப்பதில்லை. ஜாவா, டொட்நெட், பைத்தன் ஆகிய மூன்றின் ஆவணங்களும் இந்த ஆபத்தை எச்சரிக்கின்றன. வெளியீட்டையும் பிழைச் செய்திகளையும் ஏககாலத்தில் வாசித்துக்கொண்டிருப்பதே பரிகாரம். அல்லது இரண்டையும் கோப்பொன்றுக்குத் திருப்பிவிடலாம்.

இன்னொரு வகையும் உண்டு. இயக்கப்பட்ட மென்பொருள் தன் பங்குக்கு வேறொன்றை இயக்கிவிட்டு, தான் முடிந்துபோகின்றது. பிள்ளை சென்றுவிட்ட போதிலும் பேரப்பிள்ளை குழாயின் வாயைப் பிடித்துக்கொண்டிருக்கின்றது. குழாய் மூடப்படாததால் சேவை முடிவின்றி வாசித்துக்கொண்டே இருக்கும்.

கண்டறியும் வழி

சிக்கல் ஏற்பட்டவுடன் முதலில் செய்யவேண்டியது எதனையும் நிறுத்தாதிருப்பதாகும். நின்றுபோன மென்பொருளே இருக்கும் ஒரேயொரு சாட்சி. அது கணனியின் ஆற்றலைப் பயன்படுத்துகின்றதா என்பதை முதலில் பார்த்தல் வேண்டும். தொடர்ச்சியாகப் பயன்படுத்துமாயின் அது வேலை செய்துகொண்டிருக்கின்றது, அல்லது முடிவில்லாச் சுழலில் சிக்கியுள்ளது. நீண்ட நேரமாகச் சிறிதும் பயன்படுத்தாவிடின் அது பெரும்பாலும் காத்திருக்கின்றது.

அடுத்து, சேவை எந்தக் கணக்கின் கீழ் இயங்குகின்றது என்பதை அறிந்து, அதே கணக்கின் கீழ் மென்பொருளைக் கண்ணெதிரே இயக்கிப் பார்த்தல் வேண்டும். மைக்ரோசொப்ட் 2006 இல் தன்வசமாக்கி இலவசமாக வழங்கிவரும் சிஸ்இன்டர்னல்ஸ் கருவிகளுள் ‘பிஎஸ்எக்செக்’ இதற்கெனவே பயன்படுகின்றது. லோக்கல் சிஸ்டம் கணக்கில் ஒரு மென்பொருளை நமது திரையிலேயே அதனால் இயக்க முடியும். அப்போது இரவெல்லாம் மறைந்திருந்த பெட்டி பல வேளைகளில் முன்னால் வந்து நிற்கும். அவ்வாறு இயக்கியும் பெட்டி எதுவும் தோன்றாது வேலை முடியுமாயின், சிக்கல் கணக்கில் அல்ல, அமர்விலோ குழாய்களிலோ உள்ளது என்று கொள்ளலாம்.

அதே தொகுதியில் உள்ள ‘புரொசஸ் எக்ஸ்புளோரர்’ எது எதனை இயக்கியது என்ற பரம்பரையைக் காட்டும். ‘புரொசஸ் மொனிட்டர்’ மென்பொருள் தொட முயன்ற கோப்புகளை வரிசையாகக் காட்டும். இறுதி வரிகளில் கிடைக்காமற்போன கோப்பின் பெயரே பல சமயங்களில் விடையாக அமைகின்றது. லினக்ஸில் ‘எஸ்ட்ரேஸ்’ என்ற கருவியை நின்றுபோன மென்பொருளுடன் இணைத்தால், அது உள்ளீட்டை வாசிக்கக் காத்திருக்கின்றதா, வெளியீட்டை எழுதக் காத்திருக்கின்றதா என்பது ஒரே வரியில் தெரிந்துவிடும். வாசிக்கக் காத்திருந்தால் பதிலற்ற வினா. எழுதக் காத்திருந்தால் நிரம்பிய தொட்டி.

செய்யவேண்டியவை

வெளி மென்பொருள் எதுவாயினும் அதன் மௌனத் தெரிவுகளுடனேயே இயக்கப்படல் வேண்டும். உள்ளீடு தேவையில்லையெனில் அந்தப் பாதையை வெறுமையான இடத்துடன் இணைத்துவிடவேண்டும். கேள்வி கேட்டால் உடனேயே முடிவு கிடைத்து அது தோல்வியுடன் வெளியேற வழியுண்டு. கோப்புகளின் முழு முகவரியும் கொடுக்கப்படல் வேண்டும். வலையமைப்புக் கோப்புறைகளை எழுத்தின் மூலமன்றி சேர்வரின் பெயருடன் குறிப்பிடல் வேண்டும். சகல அதிகாரமும் கொண்ட லோக்கல் சிஸ்டத்துக்குப் பதிலாக, தேவையான அனுமதிகள் மாத்திரம் கொண்ட தனிக் கணக்கொன்றைச் சேவைக்கு ஒதுக்குவது பாதுகாப்புக்கும் நல்லது. பழுதைக் கண்டறிவதற்கும் நல்லது.

ஒவ்வொரு வேலைக்கும் காலக்கெடு விதிக்கப்படல் வேண்டும். இரண்டு நிமிட வேலை அரைமணி நேரம் கடந்தும் முடியவில்லையெனில் அதனையும் அது இயக்கிய ஏனையவற்றையும் சேர்த்து நிறுத்தி, பொறுப்பான ஒருவருக்கு அறிவிக்கவேண்டும். எனினும், நிறுத்தியவுடன் தானாகவே மீண்டும் இயக்கும் ஏற்பாட்டில் மிகுந்த அவதானம் தேவை. பணம் அனுப்பும் கோப்பு சென்றடைந்த பின்னர் மென்பொருள் நின்றிருந்தால், மீண்டும் இயக்குவதன் மூலம் ஒரே கொடுப்பனவு இருமுறை செல்லக்கூடும். அனுப்பப்பட்டதா என்பதை உறுதிசெய்யாமல் மறுமுறை அனுப்பலாகாது. எந்தக் கணக்கில், எந்தக் கட்டளை, எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, எவ்வாறு முடிந்தது என்ற நான்கு விடயங்களும் பதிவேட்டில் எழுதப்படுமாயின் பின்னர் எவரும் எவர் மீதும் ஊகத்தின் பேரில் பழி சுமத்தவேண்டிய தேவை எழாது.

உள்நுழைந்த நிலையிலேயே ஒரு கணனியை இரவு முழுவதும் திறந்து வைத்து, அந்தத் திரையிலேயே மென்பொருளை இயக்குவது சிலர் கையாளும் குறுக்குவழி. அது சில காலம் பலனளிக்கக்கூடும். ஆனால் மின்தடை ஏற்பட்டுக் கணனி மீள இயங்கினால், ஒருவர் வந்து உள்நுழையும் வரை எந்த வேலையும் நடைபெறாது. திறந்து கிடக்கும் திரை பாதுகாப்புக்கும் கேடானது.

நிறுவனங்களின் நிர்வாகிகள் தொழில்நுட்ப நுணுக்கங்கள் அனைத்தையும் அறிந்திருக்கவேண்டும் என நாம் கூறவில்லை. ஆனால் மென்பொருளை வழங்குவோரிடம் மூன்று கேள்விகளை அவர்கள் கேட்கலாம். இது எவரும் அருகில் இல்லாதபோது எதனையாவது கேட்குமா? நின்றுபோனால் அது யாருக்கு, எவ்வளவு நேரத்தில் தெரியவரும்? மீண்டும் இயக்கினால் ஒரே வேலை இருமுறை நடைபெறுமா? இவற்றுக்குத் திருப்தியான பதில் கிடைக்காத எந்த ஏற்பாட்டையும் சம்பளத்துடனோ மருந்து விநியோகத்துடனோ தொடர்புபடுத்துவது உசிதமன்று.

கணனி மௌனமாக நிற்கும்போது அதன் முன்னால் இருக்கும் ஊழியரை வினவுவது எளிது. அந்தக் கணனி எவரிடம், எதனை வினவி நிற்கின்றது என்பதைத் தேடுவது சற்றுக் கடினம். கடினமான அந்தத் தேடலை மேற்கொள்ளும் நிறுவனத்தில்தான் வேலை உரிய வேளையில் முடியும். தவறு செய்யாத ஊழியரின் தலையில் பழியும் விழாது.